சுவருக்குள் நான்கு வயர்

செம்பாக்கம் ஏரியைத் தாண்டி உள்ளே வரும் தெருவில், முதல் மாடியில் எங்கள் வீடு. மனைவியின் அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில். மருத்துவமனைகள் அனுப்பும் ஸ்கேன் படங்கள் முழுமையாக வந்திருக்கின்றனவா என்று பார்த்து டாக்டர்களுக்கு அனுப்புவது அவள் வேலை. மழை நாட்களில் பள்ளிக்கரணையில் பேருந்து நின்றால் நின்றதுதான். முதுகுவலி முற்றியதும், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டாள். ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். வைஃபை கூடாது, கேபிள் வழியாக நூற்றைம்பது எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாத வேகம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேகச் சோதனையின் ஸ்கிரீன்ஷாட் அனுப்பாவிட்டால் மீண்டும் பேருந்து, அல்லது ராஜினாமா.

நாங்கள் பணம் கட்டுவது இருநூறு எம்பிபிஎஸ் வேகத்துக்கு. பின் அறையில் லேப்டாப்பை வைத்துச் சோதித்தால் தொண்ணூற்று நான்கு. எத்தனை முறை பார்த்தாலும் அதற்கு மேல் ஏறவில்லை.

கேபிள் பழசு என்று முடிவுகட்டி, தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

"கேட் எய்ட் சார், இருக்கறதுலயே ஒசந்த கேபிளு. பழசைக் கடாசிட்டு இத்த மாட்டுங்க, நெட்டு பிச்சிக்கினு போவும்" என்றார் கடைக்காரர்.

முனைகளில் தங்க முலாம். தடிமன் ஒரு விரல். பின் அறைச் சுவரில் இருந்த சாக்கெட்டிலிருந்து லேப்டாப்புக்கு இழுத்து மாட்டினேன். தொண்ணூற்று நான்கு.

"நல்லா கெட்டியா இருக்கு. துணி காயப்போடலாம்" என்றாள் மனைவி.

பிறகு லேப்டாப்பையும் பழைய கேபிளையும் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் மோடத்தில் நேராகச் செருகினாள். நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியது.

"பழைய கேபிள் மேல பழி போடாதீங்க. கோளாறு சுவத்துக்குள்ள இருக்கு."

பின் அறை சாக்கெட்டின் மூடியைக் கழற்றினோம். ஹாலிலிருந்து சுவர் வழியாக வரும் கேபிளுக்குள் எட்டு வயர்கள். நான்குதான் சாக்கெட்டில் சேர்ந்திருந்தன. மற்ற நான்கும் மேலே ஏறி, அதே சுவரில் மாட்டியிருந்த, வாசலில் நிற்பவர் முகத்தைக் காட்டும் வீடியோ டோர்போன் திரைக்குப் போயின. வீட்டுக்குப் பெயின்ட் அடித்த வருடம் அதை மாட்டிய ஆள், "நாலு வயரு சும்மாதான் சார் கீது, சுவத்த ஒடைக்க வேணாம்" என்றிருந்தார். அன்று அவரை இருவருமே பாராட்டினோம். நான்கு வயர் நூறு வரைதான் தாங்கும். அதற்கு மேல் எட்டும் வேண்டும். அது தெரியாமல் எவ்வளவு உயர்ந்த கேபிளை வாங்கினாலும் பயன் இல்லை.

"யார் வந்திருக்காங்கன்னு உள்ளேருந்தே பார்க்கணும்னு ஆசைப்பட்டது யாரு?" என்றேன்.

"நான்தான். வேணாம்னு சொல்றதும் நான்தான். புடுங்குங்க."

மறுநாள் காலை இணைய இணைப்பு கொடுத்தவர் வந்து, இரண்டு முனையிலும் எட்டு வயர்களையும் சேர்த்தார்.

"டோர்போன் வேலை செய்யாது மேடம், பரவாயில்லையா?"

"வர்றவங்க கதவைத் தட்டட்டும் தம்பி."

பழைய கேபிளிலேயே சோதித்தோம். நூற்றுத் தொண்ணூற்றொன்று. படம்பிடித்து அனுப்பிவிட்டு, தேவையில்லாமல் இன்னொரு முறையும் சோதித்துப் பார்த்துக்கொண்டாள். திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று மாலையில் பதில் வந்தது.

திங்கட்கிழமை காலை, முதுகுக்குத் தலையணை வைத்துப் பின் அறையில் உட்கார்ந்தாள். முதல் ஸ்கேன் திறந்தது.

"ஆபீஸ்லகூட இவ்வளவு சீக்கிரம் வராதுங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். யாரென்று பார்க்க நான் எழுந்து போனேன்.