சிவப்புப் பக்கம் திருப்பி மாட்டிய சாவி: மலாக்காவில் ஒரு நாள் வேன் பயணம்

மலாக்கா என்றால் சிவப்புக் கட்டடம், ஆற்றுப் படகு, நெரிசல், செண்டோல் இனிப்பு என்று இந்த வலைப்பூவிலேயே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அதைப் படித்த வாசகி ஒருவர், தோட்டங்கள் பக்கமும் கடற்கரைக் கம்பங்கள் என்னும் சிற்றூர்கள் பக்கமும் நீங்கள் போனதே இல்லையா என்று கேட்டிருந்தார். உண்மையில் போனதில்லை. கேட்டது சுருக்கென்று தைத்தது. அதனால் சென்ற மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, புதன்கிழமை மாலை நானும் என் வீட்டுக்காரரும் கோலாலம்பூரிலிருந்து பேருந்து ஏறினோம். இரண்டு மணி நேரம், ஆளுக்குப் பதினைந்து வெள்ளி, அதாவது ரிங்கிட். வார நாள் என்பதால் பாதிப் பேருந்து காலி. மலாக்கா நகரின் தெங்கேரா பகுதியில் பழைய கடைவீட்டின் மாடியில் உள்ள சிறு விடுதியில் தங்கினோம். அறை சிறியது, சுத்தமானது, படி மட்டும் செங்குத்து. மூட்டு வலிக்காரர்கள் கீழ் அறை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமைக்கு ஒரு வேன் பேசியிருந்தேன். தெங்கேராவில் ஒன்பது வேன்கள் வைத்திருக்கும் செல்வராணி என்பவருடையது. காலையிலும் மதியமும் பள்ளிப் பிள்ளைகள், விடியலிலும் மாலையிலும் தொழிற்சாலை, ஓட்டல் ஊழியர்கள், இடையில் எங்களைப் போன்ற சுற்றுலாக்காரர்கள் என்று அவர் வண்டிகள் ஓடுகின்றன. நாள் வாடகை இருநூற்று எண்பது வெள்ளி, வண்டி எண்ணெய், ஓட்டுநர் எல்லாம் சேர்த்து. ரவி என்ற ஓட்டுநர் ஏழரைக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள்.

ஏழரைக்கு யாரும் வரவில்லை. செல்வராணியிடமிருந்து போன் வந்தது. "ரவி சாவியத் திருப்பிட்டாருக்கா. பிள்ளைங்கள ஸ்கூல்ல எறக்கிட்டு நானே வரேன். ஒரு நாப்பது நிமிசம் லேட் ஆகும், மன்னிச்சுக்குங்க."

சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்ப வேண்டும், இங்கே என்னடா நிற்கிறது என்று எனக்கு எரிச்சல். காலை வெயிலுக்கு முன்னால் தோட்டத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டவள் நான். என் வீட்டுக்காரர் மட்டும் எதிர்க்கடையில் இரண்டாவது ரொட்டி சானாயைச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தாமதம் என்பதே சாப்பாட்டுக்காக ஏற்பட்ட ஒரு வசதி.

எட்டே காலுக்கு முன்பே செல்வராணி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நீலச் சட்டை, தொப்பி, கையில் வெயிலுக்கு உறை. வந்ததும் வாடகையில் முப்பது வெள்ளி குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்புறமும் நான் விடவில்லை. ரவிக்கு என்ன உடம்பு என்று கேட்டேன். தெரியாது என்றார். காய்ச்சலா, வயிற்று வலியா என்றேன்.

"தெரியாதுக்கா. கேக்க மாட்டோம்லா. அதான் எங்க ரூல்."

ஜாசின் போகும் வழியில் அந்த விதியைத் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர்களுடைய வண்டிக் கொட்டகையில் சாவிகள் மாட்டும் பலகை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சாவியோடும் ஒரு மரத்துண்டு. ஒரு பக்கம் வண்டி எண், மறுபக்கம் சிவப்புச் சாயம். ஓட்டுநருக்கு அன்றைக்கு ஓட்ட முடியாது என்று தோன்றினால், சிவப்புப் பக்கம் தெரியும்படி திருப்பி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். தூக்கம் கெட்டிருக்கலாம், வீட்டில் சண்டையாக இருக்கலாம், மனசு சரியில்லாமல் இருக்கலாம். யாரும் காரணம் கேட்கக் கூடாது. சம்பளம் பிடிக்க மாட்டார்கள். அந்த ஓட்டத்தை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அன்று எங்களைச் செல்வராணியே ஏற்றிக்கொண்டதால், மதியம் அவருடைய பள்ளிப் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டு விட ஹமீது பாய் என்ற மூத்த ஓட்டுநர் தன் ஓய்வை விட்டுவிட்டுப் போனார். இதையெல்லாம் போனில் பேசி முடிக்கச் செல்வராணி மூன்று முறை வண்டியை ஓரம் கட்டினார். ஓட்டிக்கொண்டே பேசுவது அவரிடம் கிடையாது.

இப்படி விட்டால் எல்லாரும் ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்டேன். ஒருவர் ஏமாற்றினாராம். சாவியைத் திருப்பிவிட்டு நண்பர்களோடு மீன் சுட்டுச் சாப்பிடும் கடையில் உட்கார்ந்திருந்ததை, அவர் ஓட்டத்தையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்த ஆளே பார்த்துவிட்டார். செல்வராணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொட்டகையில் மற்றவர்கள் ஒரு வாரம் அவரிடம் சுட்ட மீனின் விலையை மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தார்களாம். அதோடு சரி.

ஜாசின் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டச் சாலைக்குள் நுழைந்தோம். இரு பக்கமும் வரிசையாகச் செம்பனை, வெட்டிய குலைகள் சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தன. பழத்தின் எண்ணெய் வாசனை வண்டிக்குள்ளும் வந்தது. இப்போது குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். நம்மவர்கள் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் இருந்துகொண்டு தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக் கடைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பார்த்துக்கொள்வதும் இவர்கள்தான். புதிதாகச் சாயம் அடித்திருந்தார்கள். பூசாரி சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார், என் வீட்டுக்காரருக்கு இரண்டு முறை.

கோயிலைத் தாண்டி ஒரு வளைவில் செல்வராணி வண்டியை நிறுத்தினார். பார்க்க அங்கே ஒன்றுமில்லை, ஒரு தோட்டக் கால்வாயும் புல்லும்தான். இந்தக் கால்வாயில்தான் வண்டியை விட்டேன் என்றார். அப்போது அவர் வேறொரு முதலாளியிடம் பள்ளி வேன் ஓட்டினார். அவருடைய அம்மா மருத்துவமனையில். இரவு முழுக்கக் கூட இருந்துவிட்டுக் காலையில் நேராக வேலைக்கு வந்திருக்கிறார். இந்த வளைவில் கண் சொக்கிவிட்டது. வண்டி மெதுவாகத்தான் போனது, பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஒரு சிறுமியின் காலில் இருந்த சப்பாத்து மட்டும் தண்ணீரில் போய்விட்டது. அவள் அந்தச் சப்பாத்துக்காக அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது என்றார்.

அந்த முதலாளி மோசமான ஆளா என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"கேக்காம இல்லக்கா. காலையில அவரு கேட்டாரு, ஓக்கேவான்னு. நான்தான் ஓக்கேன்னு சொன்னேன். நம்ம ஆளுங்ககிட்ட எப்பிடி இருக்கேன்னு கேட்டா நல்லாருக்கேன்னுதான் வாய் சொல்லும். அப்புறம் கேட்டு என்னா புண்ணியம்?"

அதனால்தான் வாயே தேவைப்படாத ஒரு வழியைக் கண்டுபிடித்தாராம். எனக்கு அந்த இடத்தில் நின்றபோது வெட்கமும் மரியாதையும் ஒன்றாக வந்தன. காலையில் நாற்பது நிமிடத்துக்காக நான் காட்டிய முகம் அப்படி.

அப்போது என் வீட்டுக்காரர், நீங்கள் எத்தனை தடவை திருப்பியிருக்கிறீர்கள் என்று அப்பாவியாகக் கேட்டார். செல்வராணி சிரித்தார். "நான் முதலாளிலா அண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மெர்லிமாவ் வழியாகச் செர்காமுக்கு வந்து சேரும்போது பன்னிரண்டரை. கடற்கரைக் கம்பம். வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. கரையோரச் சாப்பாட்டுக் கடையில் புளிப்பும் உறைப்புமாக அசாம் பெடாஸ் மீன் குழம்பு, மூன்று பேருக்கும் நாற்பத்திரண்டு வெள்ளி. மூன்று பேர் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஓட்டுநர் வாடிக்கையாளரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார் என்பதை இவர்கள் வண்டி பேசும்போதே சொல்லிவிடுகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடாத ஓட்டுநர் மதியத்துக்குமேல் ஆபத்தான ஆள் என்பது செல்வராணியின் கணக்கு. அவர் அன்று பாதிச் சோறுதான் சாப்பிட்டார்.

காரணம் சாப்பாட்டின் நடுவிலேயே தெரிந்தது. தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஓட்டலின் ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேலை, இவருடைய இரண்டு வேன்களுக்கு ஆண்டு முழுக்கச் சோறு போடுவது. அதில் ஒன்றை ஓட்டுபவர் ஹமீது பாய். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அன்று மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஓட்டல் நிர்வாகி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பேர் குறித்த ஓட்டுநர்தான் தினமும் வர வேண்டும், இந்தச் சாவி திருப்பும் கதையெல்லாம் எங்கள் ஓட்டத்தில் கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எப்படியும் நாங்கள் தஞ்சோங் கிளிங் போவதால், அரை மணி நேரம் பொறுத்துக்கொள்வீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக என்று நான் முந்திக்கொண்டு சொன்னதும் என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

செர்காமிலிருந்து நகரம் வழியாகத் தஞ்சோங் கிளிங் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். நகரத்து நெரிசலோடு ஒரு மணி நேரம் ஆயிற்று. கடலைப் பார்த்த ஒரு தள்ளுவண்டிக் கடையில் இளநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம், ஒன்று ஐந்து வெள்ளி. தூரத்தில் கப்பல்கள் அசையாமல் நின்றன. அழகான இடம்தான், ஆனால் என் கண் முழுக்க ஓட்டல் வாசலில் இருந்தது. காலையில்தான் பார்த்த ஒரு பெண்ணின் வியாபாரத்துக்காக எனக்கு ஏன் இப்படி நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று எனக்கே புரியவில்லை.

அரை மணியில் வந்தார். முகத்தைப் பார்த்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு கிலோமீட்டர் போன பிறகு அவரே சொன்னார். நிர்வாகி மரியாதையாகத்தான் பேசினாராம், காப்பி கூட வரவழைத்தாராம். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் வண்டி வராமல் இருந்ததில்லை, இனியும் வண்டி வரும், ஆனால் இந்த ஆள்தான் வருவார் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்றிருக்கிறார் செல்வராணி. அப்படியென்றால் மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்வோம் என்றிருக்கிறார் நிர்வாகி. எனக்கு அந்த நிர்வாகி மேல் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை நீட்டிக்க முடியவில்லை. காலை எட்டு மணிக்கு நானும் அவர் மாதிரியே பேசினவள்தானே.

வழியில் கடற்கரையில் கொஞ்சம் சுற்றிவிட்டு மாலை ஆறு மணிக்குத் தெங்கேரா திரும்பினோம். பலகையைப் பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னதால் கொட்டகைக்கே போனோம். பச்சைச் சாயம் அடித்த பலகை, ஒன்பது கொக்கிகள். ஒன்றில் மட்டும் சிவப்பு, அது ரவியுடையது. ஓட்டம் முடித்த ஓட்டுநர்கள் சிலர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். செல்வராணி சுற்றி வளைக்கவில்லை, ஓட்டல் வேலை போய்விட்டது என்று சொன்னார். வண்டி நின்றாலும் சம்பளம் நிற்காது, வேறு வேலை பிடிப்பது தன் பாடு என்றும் சொன்னார்.

வெள்ளைத் தொப்பி வைத்த ஹமீது பாய் நிதானமாகத்தான் கேட்டார். "அந்த ஓட்டலுக்கு மட்டும் விட்டுக் குடுத்திருக்கலாமேம்மா. எனக்காக நீ ஏன் இவ்ளோ நட்டப்படணும்?"

"விட்டுக் குடுத்தா உங்க சாவிக்கு மட்டும் சிவப்பு கெடையாது பாய். தல சுத்தினாலும் நீங்க ஓட்டணும். அத நான் எழுதிக் குடுக்கவா?"

 பாய் தன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் செல்வராணிக்கு ஒரு தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் ரவி வந்தார். நாற்பது வயது, மெலிந்த ஆள், கண் இமை வீங்கியிருந்தது. காலையில் வராததற்கு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் நேராகப் பலகைக்குப் போய்த் தன் சாவியை எண் தெரியும்படி திருப்பி மாட்டினார்.

செல்வராணி தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். தன் வேன் சாவியைக் கொக்கியில் மாட்டினார், எண் வெளியே தெரிந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைத் திருப்பினார்.

 அவர் சாவி சிவப்பாகி அங்கே யாரும் பார்த்ததில்லை என்பது முகங்களிலேயே தெரிந்தது. ஹமீது பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரவிதான் போய் அந்தச் சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில ஸ்கூல் ஓட்டம் நான் போறேன்கா."

"இல்ல ரவி, எனக்கு இன்னிக்கு அங்க..."

"நான் கேக்கலக்கா" என்றார் ரவி.

செல்வராணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சத்தமில்லாமல் விடைபெற்று விடுதிக்கு நடந்தோம். என் வீட்டுக்காரர் அன்றிரவு சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. வார நாளில் போங்கள், சனி ஞாயிறில் நகரத்துக்குள் வண்டி நகராது. தெங்கேரா, ஜாசின், மெர்லிமாவ், செர்காம், தஞ்சோங் கிளிங் சுற்றித் திரும்ப நூறு கிலோமீட்டருக்கு உள்ளேதான், ஒரு நாள் தாராளம். தோட்டத்துக்குள் போகும் முன் வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள், வீடுகளைப் படம் எடுக்காதீர்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். வாடகை, சாப்பாடு, விடுதி, பேருந்து எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் ஐந்நூற்றைம்பது வெள்ளிக்குள் முடிந்தது. செல்வராணியின் எண்ணை அவரைக் கேட்காமல் இங்கே போட மாட்டேன். தெங்கேராவில் எந்தத் தேநீர்க் கடையில் கேட்டாலும் கொட்டகைக்கு வழி சொல்வார்கள், இரண்டு வண்டிகளுக்கு வேலையும் தேவைப்படுகிறது.

காலையில் வண்டி வராமல், சாவி திரும்பிவிட்டது என்று போன் வந்தால், சரி என்று சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டி சானாய் சாப்பிடுங்கள். யாருக்கு என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.