ஷூவின் அடியில் கரிசல் மண்

காலை ஏழு மணி நாற்பது நிமிடம். வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் கணவரின் ஷூதான் முதலில் கண்ணில் பட்டது. இடது ஷூ கவிழ்ந்து கிடந்தது. அடியில் இருந்த வரிப்பள்ளங்களில் கறுப்பு மண் ஈரத்தோடு அப்பியிருந்தது.

அவர் தினமும் நடப்பதாகச் சொன்ன விளையாட்டு மைதானம், அரியலூரில் எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் ஐந்து நிமிடத் தூரம். அங்கே நடைபாதையில் கொட்டியிருப்பது செம்மண். மைதானத்துக்குப் போகும் சாலையில் படிந்திருப்பது சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்திவிட்டுப் போகும் வெள்ளைத் தூசி. சிவப்பு ஒட்டலாம், வெள்ளை ஒட்டலாம். ஈரக் கரிசல் ஒட்ட வழியில்லை. அரியலூரில் ஒரு வாரமாக மழையும் இல்லை. முந்தின நாள் மாலை பெரம்பலூர் பக்கம் மழை என்று ஒரு செய்தி வந்திருந்தது. அதைத் திருத்தி அனுப்பியது நான்தான்.

இரண்டு மாவட்டங்களிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிருபராக அலைந்தேன். முழங்கால் தேய்ந்த பிறகு, மற்றவர்கள் அனுப்பும் செய்திகளை வீட்டிலிருந்தே திருத்துகிறேன். ஒருவர் சொன்னதை இன்னொரு இடத்தில் விசாரிக்காமல் நம்புவதில்லை என்பது வேலை கொடுத்த பழக்கம். அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

ஷூவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடை எப்படி என்று கேட்டேன். மைதானத்தில் இன்று கூட்டம் குறைவு என்றார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கிறார். திருமானூர், தா.பழூர் வரைக்கும் அவரைத் தெரியாத விவசாயி குறைவு. அந்த ஆண்டு ஆனி மாதம் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். இதயக் குழாயில் அடைப்பு என்று திருச்சியில் ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் இரண்டு விஷயங்கள் சொன்னார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது, விட்டால் வைத்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும். தினமும் நடக்க வேண்டும். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதே, நீங்களும் கூடவே நடங்கள் என்றார். அவசியமானதை எல்லா டாக்டர்களும் மனைவியைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

முதல் மாதம் இருவரும் மைதானத்துக்குப் போனோம். நடந்தோம் என்று சொல்வது சரியாகாது. அவரைப் பார்த்த எல்லோரும் நிறுத்தினார்கள். உடம்பு முடியாமல் போய்த் திரும்பியவரை விசாரிக்காமல் தாண்டிப் போவது எங்கள் பக்கம் மரியாதைக் குறைவு. எத்தனை அடைப்பு, கை வழியாக வைத்தார்களா தொடை வழியாக வைத்தார்களா, எந்த ஆஸ்பத்திரி என்று வரிசையாகக் கேட்பார்கள். பிறகு பூண்டு, சின்ன வெங்காயம், மருதம்பட்டை. கடைசியில் ஒரு கதை வரும். அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார், அவரும் இப்படித்தான் நன்றாக நடந்துகொண்டிருந்திருப்பார். கதையின் முடிவு எல்லோருக்கும் ஒன்றுதான். என் கணவர் சிரித்தபடி கேட்டுக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் இரண்டு சுற்றுகூட முடியாது.

அங்கேதான் ஓய்வு பெற்ற ஒருவர், பெரம்பலூர் பக்கத்தில் இருக்கும் வைத்தியரைப் பற்றிச் சொன்னார். அவர் கொடுக்கும் சூரணம் அடைப்பைக் கரைத்துவிடுமாம். ஒரே நிபந்தனை, இங்கிலீஷ் மாத்திரையை முதலில் நிறுத்திவிட வேண்டும். என் கணவர், அப்படியா சார், எந்த ஊரு என்று கேட்டார். அவர் எதையும் திருப்பிக் கேட்கிறவர் அல்ல. அதனால் அந்தக் கேள்வி என் மனதில் நின்றுவிட்டது. அப்படிச் சூரணத்துக்கு மாறிய ஒருவரின் சாவுச் செய்தியை நான் எழுதியிருக்கிறேன். நான்கு வரி வந்தது.

ஆவணி பிறந்ததும், என் முழங்காலுக்கு அவர் வேகம் ஒத்துவராது, தான் விடியற்காலையில் தனியாகப் போவதாகவும் நான் மாலையில் நடக்கலாம் என்றும் சொன்னார். என் மேல் அக்கறைபோல இருந்ததால் மறுக்க முடியவில்லை. அதன் பிறகு அவர் நாலே முக்காலுக்குக் கிளம்பி ஏழரைக்கு மேல் திரும்பினார். காலை மாத்திரையை வீட்டில் போடுவதையும் விட்டுவிட்டார். நடந்து முடித்து ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடுவதாகச் சொல்லிச் சட்டைப் பையில் எடுத்துப் போனார். அட்டையில் மாத்திரை சரியாகக் குறைந்துகொண்டு வந்தது. அட்டையிலிருந்து எடுத்தது தெரிந்தது, விழுங்கியது தெரியவில்லை.

கறுப்பு மண்ணைப் பார்த்த மறுநாள் ஆறே முக்காலுக்குப் போன் செய்தேன். எடுத்தார். பின்னால் விசில் சத்தம். ஒரு குரல், பேரளி இறங்குறவங்க முன்னாடி வாங்க என்றது. என்ன சத்தம் என்று கேட்டேன். டீக்கடையில் டிவி என்றார். பேரளி பெரம்பலூர் போகும் வழியில் இருக்கிறது. எந்த டிவியிலும் அங்கே ஆள் இறக்கி நான் கேட்டதில்லை.

திருமானூரில் அக்கா வீட்டுக்கு நாளை முதல் பஸ்ஸில் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவரே பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். திருமானூர் பஸ்ஸில் ஏற்றி, உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, பைக்கைத் திருப்பினார். நான் முன்வாசல் வழியாக இறங்கிப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். வண்டி கிளம்பும் நேரத்தில், பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பின்வாசல் வழியாக அவர் ஏறினார். கண்டக்டர் அவரிடம் ஊர் கேட்கவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

பெரம்பலூர் டவுனுக்குள் நுழைவதற்கு முன்பே ஓர் ஏரிக்கரைப் பக்கம் இறங்கினார். நான் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியதற்குக் கண்டக்டர் முறைத்தார். திரும்பி வந்தபோது என் கணவர் கரைமேல் ஏறிவிட்டிருந்தார். கைகளை வீசி, நேராகப் பார்த்து, வேகமாக நடந்தார். எதிரில் வந்தவர்கள் தாண்டிப் போனார்கள். யாரும் நிற்கவில்லை.

அவர் நடக்கிறார் என்பது உறுதியானது. அதனால் சூரணம் இல்லை என்று ஆகாது. சூரணம் சாப்பிடுகிறவர்களும் நடப்பார்கள்.

கரையின் அந்தக் கோடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை இருந்தது. புகை வந்தது. நாலைந்து பேர் செம்போடு நின்றார்கள். ஒரு பெண் மண்பானையிலிருந்து ஏதோ பழுப்பாக முகந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் அங்கே போய் நின்று செம்பை வாங்கினார். சட்டைப் பைக்குள் கை போனது.

முழங்கால் தேய்ந்த பிறகு நான் அவ்வளவு வேகமாக நடந்தது அன்றுதான். பக்கத்தில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது. பானையில் இருந்தது கம்மங்கூழ். அவர் உள்ளங்கையில் ஒரு மாத்திரை. நிறத்தைப் பார்த்தேன். அதே மாத்திரைதான். என்னைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார். தொண்டை அசைந்தது.

"திருமானூரு எப்ப இந்தப் பக்கம் வந்துச்சு?" என்றார்.

"மைதானம் வந்த அன்னைக்குத்தான்" என்றேன்.

கூழ் ஊற்றிய பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெரிஞ்சவங்களா சார்?"

"எங்க வூட்டுல" என்றார். "அவங்களுக்குச் சுகரு. மோர் ஊத்தி அரைச் செம்பு குடுங்க."

திரும்பும்போது கரைமேல் நடந்தபடிதான் பேசினோம். நான் சூரணத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நின்றுவிட்டார்.

"அந்த ஆளுகிட்ட ஊர் கேட்டது, அங்க போகாம இருக்கத்தான். உரம் வாங்க வர்றவங்க கேட்டா, அங்க போகாதீங்கன்னு சொல்லணும்ல" என்றார். பிறகு, "அங்க ஒரு ரவுண்டுக்கு ஒரு சாவு சொல்றானுங்க. உங்கள மாதிரிதான் நல்லா நடந்துக்கிட்டு இருந்தாருன்னு ஆரம்பிச்சா எனக்குக் காலு ஓடமாட்டேங்குது. இங்க எனக்கு நெஞ்சுல ஒண்ணு இருக்குறதே எவனுக்கும் தெரியாது. அதான் நடக்க முடியுது."

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீயும் அதத்தான பண்ற. காலையில எந்திரிச்சா மொதல்ல என் மூஞ்சியப் பாக்குற. மூச்சு வருதான்னு பாக்குற" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "சாயங்காலம் நடக்குறேன்னு சொன்னியே, உன் ஷூவப் பாத்தியா? வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு" என்றார்.



அதன் பிறகு நானும் நாலே முக்காலுக்குக் கிளம்பினேன். விழிப்புணர்வு நடைபயணம் என்று எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். காரில் வந்து இறங்கி, பேனருக்குப் பின்னால் நூறு அடி நடந்து, மறுபடி காரில் ஏறுவார்கள். உடம்புக்கு நல்லது என்பதற்காக மட்டும் மனிதர்கள் தினமும் நடப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை வந்ததில்லை. நானும் சர்க்கரைக்காக நடந்ததாகச் சொல்ல மாட்டேன். நான் போகாவிட்டால் அவர் நடந்தாரா, விழுங்கினாரா என்று தெரியாது. அதற்காகத்தான் போனேன். முழங்கால் வலித்த நாட்களிலும் போனேன். கார்த்திகையில் பார்த்தபோது என் சர்க்கரை குறைந்திருந்தது. திருச்சி டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். அந்த நல்லாயிருக்குக்கு என்ன அர்த்தம் என்று நான் மூன்று விதமாகக் கேட்டேன்.

கரையில் அவர் முன்னால் போவார், நான் பின்னால். முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவர் போட்ட கண்டிஷன். பின்னாலிருந்து தோள்களைப் பார்த்தேன். தோள் ஏறி இறங்குவதை வைத்தும் மூச்சைச் சொல்லிவிடலாம்.

தை மாதம் ஒருநாள். கரையில் தினமும் எதிரே வந்து தலையசைத்துவிட்டுப் போகும் குரங்குக் குல்லாக்காரர் அன்று நின்றார். அவர் நின்ற விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

"சாருக்கு அரியலூர்தான? தா.பழூர்ல எங்க மச்சான் உங்க கடையிலதான் யூரியா வாங்குறாரு. நேத்து பேசறப்பதான் சொன்னாரு. நெஞ்சுல ஏதோ வச்சிருக்காங்களாமே?"

என் கணவர் ஆமாங்க என்றார்.

"பாத்து இருங்க. எங்க பெரியப்பா மவன் ஒருத்தரு, உங்கள மாதிரிதான், நல்லா நடந்துக்கிட்டு இருந்தாரு" என்று அவர் ஆரம்பித்தார்.

முழுவதையும் என் கணவர் கேட்டுக்கொண்டார். அன்று மிச்ச நடையை விட்டுவிட்டார். கூழ்க் கொட்டகையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசித்தேன். கடைக்கு வந்துபோகும் எல்லோர்மேலும் சந்தேகம் வந்தது. நாளையிலிருந்து இவர் நடக்க மாட்டார் என்றும் தோன்றியது. இரவு அவர் ஷூவை வழக்கமான இடத்தில் வைத்தாரா என்று போய்ப் பார்த்தேன். இருந்தது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மறுநாள் விடியற்காலையில் கண்விழித்தபோது அவர் ஷூக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வெளியே பனி. பஸ்ஸில் பின்சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்து, வழக்கம்போல, "ஏரிக்கரை ரெண்டு" என்று சீட்டுக் கட்டில் கையை வைத்தார்.

"இல்ல" என்றார் என் கணவர். "பேரளி ரெண்டு."

அன்று நாங்கள் பேரளியில் இறங்கினோம்.