ஜல்லிக்கும் தாருக்கும் நடுவில் ஒரு டயர்

எங்கள் பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு 'ஒண்ணா ரெண்டா' என்று பட்டப்பெயர். கண் பரிசோதிக்கும்போது லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கொஞ்சம் தயங்கினால் அவருக்குப் பொறுக்காது. "சட்டுனு சொல்லுங்க, உங்க கண்ணுதானே!" என்பார். இப்படி ஊரையே அவசரப்படுத்தியவர், சைக்கிளுக்கு ஒரு ஜோடி டயர் வாங்கப் பட்ட பாடு இருக்கிறதே!

சைக்கிள் அவராக வாங்கியதில்லை. மாப்பிள்ளை வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது, "வச்சுக்குங்க மாமா, தொப்பைக்கு நல்லது" என்று தன்னுடைய மலையேறும் சைக்கிளை விட்டுவிட்டுப் போனார். டயர் முழுக்க முதலை முதுகு மாதிரி குமிழ் குமிழாக இருக்கும். வீட்டிலிருந்து கடைக்குப் பெரும்பாலும் நல்ல தார் ரோடு. கடைசியில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு ஜல்லிப் பாதை. தார் ரோட்டில் அந்த டயர் போடும் இரைச்சலைக் கேட்டு, ஏதோ லாரி வருகிறதென்று முன்னால் போகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். திரும்பிப் பார்த்தால் வேர்க்க விறுவிறுக்க இவர் வந்துகொண்டிருப்பார்.

ஒருநாள், இவரிடமே சோடாபுட்டிக் கண்ணாடி வாங்கிய பெரியவர் ஒருவர் சாதாரண சைக்கிளில் காய்கறிப் பையோடு இவரைத் தாண்டிப் போனார். போகிற போக்கில், "செயினுக்கு எண்ணெய் விடுங்க சார்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே டயரை மாற்றுவதென்று முடிவாயிற்று. எந்த டயர் என்பதுதான் முடிவாகவில்லை.

வீடியோ வீடியோவாகப் பார்த்தார். அகல டயர்தான் சுகம் என்றான் ஒருத்தன். ஒல்லிதான் வேகம் என்றான் இன்னொருத்தன். இவர் இரண்டுக்கும் தலையாட்டினார். நான் கண் காட்டப் போயிருந்தபோது, கடைசி வரி எழுத்தைப் படிக்கத் திணறிக்கொண்டிருக்கிறேன், "நடுவுல வழவழன்னு, ஓரத்துல மட்டும் குமிழ் வச்சு ஒரு டயர் இருக்காம், என்ன சொல்றீங்க?" என்கிறார். அன்று அவர் எழுதிக் கொடுத்த பவரில் எனக்கு இன்றைக்கும் பஸ் போர்டு தெரிவதில்லை.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "ஏங்க, என்னைக் கட்டிக்க ஒரு வாரம்கூட யோசிக்கல. இந்த ரப்பருக்கு மாசக்கணக்கா?"

"அப்ப வீடியோ எல்லாம் இல்லையேம்மா" என்றார் இவர்.

அதற்கப்புறம் வீட்டில் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த மௌனத்தில் யோசிக்க நிறைய நேரம் கிடைத்தும், போய் வாங்கியது என்னவோ குமிழே இல்லாத மொழுமொழு டயர். தார் ரோட்டில் சைக்கிள் சத்தமில்லாமல் பறந்தது. சோடாபுட்டிப் பெரியவரைத் தேடிப்பிடித்து முந்தினார். அதே வேகத்தில் ஜல்லிப் பாதையில் திரும்பினார். முன்சக்கரம் ஒரு பக்கம் போக, இவர் இன்னொரு பக்கம் போய் விழுந்தார்.

எதிரே ஒரு பயிற்சிக் கார். ஓட்டியது அன்றுதான் ஸ்டியரிங்கைத் தொட்ட ஒரு வங்கி அதிகாரி அம்மா. பக்கத்தில் இவர் மனைவி. அதிகாரி அம்மா பதறிப்போய் பிரேக்கை மிதிக்க, கார் குலுங்காமல் நின்றது.

"அருமையா நிறுத்தினீங்கம்மா! இதே மாதிரிதான் எப்பவும்" என்று பாராட்டிவிட்டுத்தான் மனைவி இறங்கி வந்தார். முழங்கை தோல் உரிந்து ரத்தம் கசிவதைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "எங்கெல்லாம் வலிக்குது? கையை நீட்டுங்க பார்ப்போம்." எலும்பு பத்திரமாக இருந்தது.

சாயங்காலம் இருவருமாக சைக்கிள் கடைக்குப் போனார்கள். இவர் மறுபடியும், "தார்லதானே நிறைய ஓட்டறேன், அதனால..." என்று ஆரம்பித்தார்.

"தார்ல நிறைய ஓட்டறீங்க, சரி. விழுந்தது எங்க?"

"ஜல்லில."

"அப்புறம் என்ன? அந்த ஓரத்துல குமிழ் வச்சதை எடுங்க."

எடுத்தார். நடுவில் வழவழப்பான பட்டை, ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ். தாரில் முதலை டயர் மாதிரி முரண்டு பிடிக்கவில்லை. ஜல்லியில் காலை வாரிவிடவும் இல்லை. பெரியவரை முந்த முடியவில்லை, அது வேறு விஷயம்.

விடுமுறைக்கு வந்த மாப்பிள்ளை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே மாமா, எப்படிப் பிடிச்சீங்க?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். மாமனார் விளக்க உட்கார்ந்ததும் மகள் நைசாக எழுந்து உள்ளே போய்விட்டாள். பாவம், மாப்பிள்ளைக்கு எழுந்திருக்க வழியில்லை.

இதையெல்லாம் பார்த்து மனைவிக்கும் சைக்கிள் ஆசை வந்தது. "அவசரப்படாதே, உனக்கு நான் நல்லா விசாரிச்சு..." என்று இவர் வாயெடுப்பதற்குள், அவர் கடைக்குப் போய் ஒரு சிவப்பு சைக்கிளில் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். இவர் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். ஒல்லி, மொழுமொழு.

"இதை ஏன் எடுத்தே? ஜல்லில என்ன பண்ணுவே?"

"கலர் பிடிச்சிருந்தது. ஜல்லி வந்தா இறங்கித் தள்ளிட்டுப் போறேன். அந்தத் துண்டு ரோடு எவ்வளவு தூரம்ங்க?"

இறங்கித் தள்ளலாம் என்பதை எந்த வீடியோக்காரனும் இவருக்குச் சொல்லவே இல்லை.