அக்காவின் பாச்சை உருண்டைகள்

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகு சந்தேகம் வந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவர்கள் உலகத்தில் உண்டு. என் அக்கா அப்படி இழுத்துப் பார்த்த பிறகு பஸ் ஏறுவாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். அவள் வேலை பார்க்கும் லாட்ஜில் அவளுக்குப் பெயரே பூட்டக்கா. முதலாளியிலிருந்து படிக்கட்டு கூட்டுகிற அம்மா வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள்.

லாட்ஜின் துணி அறை அவள் பொறுப்பு. ஜன்னல் இல்லாத அறை, சுவர் முழுக்க இரும்பு அலமாரி. சலவையிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, கம்பளி எல்லாவற்றையும் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு மடிப்பாள். மடிப்புக்கு நடுவே பாச்சை உருண்டை வைப்பாள். வெள்ளைவெளேரென்று மிட்டாய் மாதிரி இருக்குமே, பூச்சி வராமலிருக்க அலமாரியில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கரைந்து காணாமல் போகுமே, அந்த உருண்டைதான். அவள் புடவையில், தலைமுடியில், சாப்பாட்டு டப்பாவில்கூட அந்த வாசனை அடிக்கும்.

"நீ வர்றதுக்கு முன்னாடியே உன் வாசனை வந்து கதவைத் தட்டுது," என்பேன்.

"பூச்சி அரிச்சா முதலாளி உன்னையா கேப்பாரு?" என்பாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவள் நான். கத்திப் பேசாவிட்டால் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளும் நகர மாட்டார். வீட்டிலும் அதே தொண்டைதான். அக்காவிடம்தான் ரொம்பக் கத்துவேன். அவள் ஒருத்திதான் திருப்பிக் கத்த மாட்டாள்.

அவள் பிறவிப் பயந்தாங்கொள்ளி இல்லை. சின்ன வயதில் என்னைத் துரத்திய தெருநாயைக் கல்லெடுத்து விரட்டியவள். கல்யாணத்துக்கு முன்பே லாட்ஜ் வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளை உண்டானதும் மெல்லிய பருத்தித் துணி வாங்கி, தன் கையாலேயே குட்டிச் சட்டைகள் தைத்தாள். தைத்ததையெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி, தொழில் பழக்கத்தில் நாலு உருண்டையும் போட்டு மூடி வைத்தாள். ஆண் பிள்ளை பிறந்தது. கொழுகொழுவென்று இருந்தது. ஒரு வாரம் போவதற்குள் மஞ்சளாகி, பிறகு வெளுத்து, மூத்திரம் கறுத்து, கையை விட்டுப் போய்விட்டது. ரத்தம் உடைகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார்கள் அந்த ஆஸ்பத்திரியில். சில பிள்ளைகள் தங்காது என்றார்கள் சொந்தக்காரர்கள். அத்தான் வேலையைச் சாக்கிட்டு வெளியூரிலேயே தங்கிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பூட்டெல்லாம். சாவு எந்த வழியாக உள்ளே வந்தது என்று தெரியாததால் எல்லா வழியையும் பூட்ட ஆரம்பித்தாள். அடுப்பை அணைத்துவிட்டுக் குனிந்து குனிந்து முகர்ந்து பார்ப்பாள். பாலைக் கொதிக்க வைத்து, ஆறினதும் திரும்பக் கொதிக்க வைப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; இவளுக்கு நடுப்பகலிலும் பேய்தான். நான் மாசமாக இருந்தபோது படி ஏறாதே, குனியாதே, பஸ்ஸில் நிற்காதே என்று உயிரை வாங்கிவிட்டாள்.

"மூச்சு விடலாமா? அதையும் சொல்லிடு," என்று கத்தினேன்.

"மெதுவா விடு," என்றாள்.

எனக்கும் ஆண் பிள்ளைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அக்கா அந்த டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெட்டியை அவள் யாருக்கும் திறந்து காட்டினதே இல்லை. கட்டில்மேல் வைத்துத் திறந்தாள். உள்ளே கை அகலச் சட்டைகள், தொப்பிகள், ஒரு வெள்ளைப் போர்வை.

"இத்தனை வருஷமாவா வெச்சிருந்தே?"

"வருஷா வருஷம் துவைச்சுக் காய வெச்சு, புது உருண்டை போட்டுத்தான் வெப்பேன். ஒரு நூல்கூட அரிக்கலை, பாரு. போட்டுப் பாக்கலாமாடி?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அவளே பொடியனுக்கு எண்ணெய் தடவி, சட்டை போட்டு, போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கதவு திறந்து கிடந்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளை போன நாளிலிருந்து அவள் எதற்கும் பயப்படாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சீக்கிரமே பொடியன் முகத்தில் மஞ்சள் தட்டியது. பிறந்த பிள்ளைக்கு வருவதுதானே என்று இருந்தோம். "மாப்பிள்ளை மஞ்சள் பூசிட்டு வந்திருக்காரு," என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் பஸ் கண்டக்டர். எதையும் சிரித்துத்தான் சமாளிப்பார். மறுநாள் காலையில் துணி மாற்றும்போது, ஈரமான இடம் பால் விடாத டீ கொட்டினது போல இருந்தது. உதடு வெளுத்திருந்தது. பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா அந்தத் துணியைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பொடியனை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாங்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். பேச்சில் சுற்றி வளைக்காத மனுஷி.

"ரத்தத்துல சிவப்பணு உடைஞ்சுட்டே இருக்கு. இந்த வேகத்துல போனா மஞ்சள் மூளைக்கு ஏறிடும். அவன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு வேற ரத்தம் ஏத்தணும். ரத்த வங்கியில கேக்கும்போது புதுசா எடுத்த பைன்னு கேளுங்க. குளிர்ல ரொம்ப நாள் இருந்த பை வேண்டாம். பத்திரமாத்தான் வெச்சிருப்பாங்க, ஆனா நாளாக ஆக அந்த அணுவும் நொய்ஞ்சு போகும். இவனுக்குத் தாங்காது."

என் வீட்டுக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். அக்கா முன்னால் வந்து ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள்.

"என்கிட்ட எடுங்க டாக்டர். எவ்வளவு வேணும்னாலும் எடுங்க. நான் அவன் பெரியம்மா."

"அம்மா வழிச் சொந்தம் வேண்டாம்மா. இது அம்மா வழியா வர்ற கோளாறோன்னு எனக்குச் சந்தேகம்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அக்கா ஏற்றிய கையை இறக்காமலே என்னைப் பார்த்தாள். "அம்மா வழின்னா என்னடி?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன டாக்டருக்கா படிச்சேன்? போய் உக்காரு," என்று கத்தினேன். அவள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மாற்றுத் துணி கேட்டு ஒரு நர்ஸ் வந்தாள். நான் கொண்டுவந்த பையைத் திறந்தவள் முகத்தைச் சுளித்தாள். ஒரு சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பையை அப்படியே இறுக்கி மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டார்.

"இந்தத் துணியெல்லாம் பாச்சை உருண்டை போட்டு வெச்சதா?"

"ஆமா."

"சிவப்பணு உடையாம காக்கறதுக்கு ரத்தத்துல ஒரு சத்து உண்டு. சில ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு அது பிறவியிலேயே குறைச்சல். அம்மாகிட்டேர்ந்து வரும், அம்மாவுக்கே தெரியாது. சும்மா இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா சில மருந்து, சில ரசாயனம் பட்டா அந்த அணு தாங்காது, பொலபொலன்னு உடைஞ்சுடும். இந்த உருண்டை அதுல ஒண்ணு. துணியில ஊறிடும், துவைச்சாலும் முழுசாப் போகாது. குழந்தை அதை மூச்சுல இழுக்கும், தோலும் இழுக்கும். எண்ணெய் தடவின உடம்புன்னா இன்னும் சீக்கிரம்." பையை மூடி ஓரமாக வைத்தார். "உங்க அம்மா வழியில யாராவது ஆம்பளைக் குழந்தைக்கு இப்படி வந்திருக்கா?"

அக்காவின் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். இதே சட்டைகள் என்பதையும், இதே பெட்டி என்பதையும் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இப்போ உறுதியாச் சொல்ல முடியாது. இருக்கலாம்."

"அவகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் சொல்லப் போறதில்லைம்மா. ஆனா உங்க பிள்ளை இனிமே அந்த வாசனை பக்கமே போகக் கூடாது. அதுல விளையாட்டு கிடையாது."

வெளியே வந்தேன். தாழ்வாரத்தின் கோடியில் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உள்ளே கிடக்கிறவன் பிழைக்க வேண்டும், வெளியே உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியக் கூடாது. இந்த இரண்டையும் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பூச்சியிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்துத் தன் கையாலேயே பெற்ற பிள்ளையை... அந்த நினைப்பை முடிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பாவமும் அறியாதவள். அவளைப் போய் யார் என்ன சொல்ல முடியும்? யாரும் சொல்ல வேண்டாம், அவளே சொல்லிக்கொள்வாளே!

ரத்தப் பை வந்து சேர்ந்தது. புதுசுதான் என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். அவரைத் தனியாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்குத்தான் அந்த மனுஷன் சிரிக்காமல் இருந்தார். நர்ஸிடமிருந்து துணிப் பையை வாங்கிக்கொண்டு, "எங்கே போடுறது?" என்று கேட்டார்.

"எங்கேயாவது. அவ கண்ணுல படாத இடத்துல. வீட்ல இருக்கற பெட்டியையும் சேத்து."

"கேட்டா?"

"ஆஸ்பத்திரித் துணிதான் போடணுமாம்னு சொல்லிக்கலாம்."

உள்ளே பொடியனின் தொப்புள் வழியாகக் குழாய் விட்டு, ஊசிக் குழலில் கொஞ்சம் வெளியே இழுத்து, கொஞ்சம் உள்ளே தள்ளி, திரும்ப இழுத்து, திரும்பத் தள்ளினார்கள். கண்ணாடி வழியாக அவன் கால் மட்டும் தெரிந்தது. கால் அசையும்போது மூச்சு விட்டேன். அசையாதபோது நானும் விடவில்லை. அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் என் கையைப் பிடித்தபோது அவள் புடவையிலிருந்து அந்த வாசனை குப்பென்று வந்தது. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

பிழைத்துக்கொண்டான். சில நாள் நீல விளக்கின் கீழே கிடந்தான், மஞ்சள் இறங்கியது, வாயைத் திறந்து அழுதான். வெளியாட்களை உள்ளே விடாத வார்டு என்பதால் அக்கா அவனைத் தூக்கப் போகிறாளே என்ற கவலை எனக்கு இல்லை. வீட்டுக்குப் போனதும் ஏதாவது சாக்குச் சொல்லி அவளைக் குளிக்க வைக்க வேண்டும், லாட்ஜ் புடவையோடு வராதே என்று சொல்ல வேண்டும், உருண்டையை விட்டுவிடு என்று சொல்ல வேண்டும், எதையும் அவளுக்குக் காரணம் தெரியாமல் சொல்ல வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனாலும் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று நான் வார்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வேறொரு நர்ஸ், அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியவள், பொடியனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முன்னால் நின்ற அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கு இல்லே?" என்றாள் நர்ஸ், எல்லோருக்கும் பொதுவாக. "வீட்ல பாச்சை உருண்டை ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அது இருந்த துணியையும் போடக் கூடாது. இந்தப் பிள்ளைக்கு வந்ததே அதாலதான்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"அவ என்ன சொன்னா?"

"அது ஒண்ணுமில்லேக்கா," என்றேன். "எல்லார்கிட்டேயும் சொல்றதுதான். பிள்ளைங்க எடுத்து வாயில போட்டுக்கும் இல்லையா, அதுக்காகச் சொல்றாங்க. நீ வா, போகலாம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்கிட்ட இவ்வளவு மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்லையேடி."

எனக்கு அதற்கு மேல் தொண்டை எழும்பவில்லை. கத்த வேண்டும் என்றுதான் பார்த்தேன். உளறாதே, வண்டி நிற்குது, நடையைக் கட்டு என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், நம்பியிருப்பாள்.

"அவனுக்கும் இப்படித்தான் கறுப்பாப் போச்சு," என்றாள். "அந்த மஞ்சப்பூ போட்ட சட்டைதான் போட்டிருந்தேன்."

"அக்கா."

"புடி," என்று பொடியனை என் பக்கம் நீட்டினாள். "பிள்ளையைப் புடிச்சுக்கோ. என் புடவையில இருக்கும்."

நான் கையை நீட்டவில்லை. வாங்கினால் ஆமாம் என்று ஆகிவிடும். ஒன்றுமில்லை, நீயே வைத்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பொடியன் தலையைத் திருப்பி, மூக்கை அவள் முந்தானையில் தேய்த்தான்.

வாங்கிக்கொண்டேன்.