மூலைச் சாக்கில் ஒரு கருப்புக் கோழி

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து திருப்பூருக்கு வந்த ராமுத்தாய், பல ஆண்டுகளாக ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் ஆடைகளில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பது அவர் பணி. குறையையே தேடிப் பழகிய கண்களுக்கு வீட்டிலும் ஓய்வில்லை. அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தில் பாதி வழியிலிருந்து திரும்பி வருவார்.

"பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்லன்னா, ஏன் இல்லன்னு பயப்படுவா இவ" என்பது கணவர் அழகுமலையின் கேலி.

கம்பெனிக்குப் பின்னாலுள்ள லைன் வீட்டில் குடியிருக்கும் ராமுத்தாயிடம் கருப்பு நாட்டுக்கோழி ஒன்று இருந்தது. சென்ற தை மாதம் அது முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனவர்களையெல்லாம் முறைக்கத் தொடங்கியது. அடைக்கு இடம் தேடிய கோழி, கம்பெனியின் வேஸ்ட் அறைக்குள் நுழைந்து, கருப்புப் பனியன் துண்டுகள் நிரம்பிய மூலைச் சாக்கில் ஏறி உட்கார்ந்தது. தானாகப் பிடித்த இடத்தை மாற்றினால் அடை கலைந்துவிடும் என்பதால், ராமுத்தாய் முட்டைகளை அங்கேயே வைத்தார்.

முதலாளியம்மா சாரதாமணி தடுக்கவில்லை. "இருந்துட்டுப் போவுது, ராமுத்தாயி. நல்ல துணி மேல எச்சம் போடாம மட்டும் பாத்துக்குங்க" என்றார்.

இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அஞ்சி, அடைவைக்கும் இடத்தில் இரும்புத் துண்டு ஒன்றைப் போடுவது ராமுத்தாயின் ஊர் வழக்கம். நூல் வெட்டும் டிரிம்மர் ஒன்று உடைந்து கிடந்தது. அதனை முட்டைகளுக்கு அடியில் செருகினார். வெளிச்சம் பட்டுக் கோழி மிரளாதிருக்க, மேலே ஒரு கருப்புத் துணியையும் போர்த்தினார்.

குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கியிருந்தது. ஊருக்குச் செல்லும் கணவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு நின்றபோதுதான், அன்று வேஸ்ட் வண்டி வரும் நாள் என்பது அவருக்கு உறைத்தது. உடனே முதலாளியின் மகன் தரணீதரனைக் கைப்பேசியில் அழைத்தார்.

"தம்பி, வேஸ்ட் ரூம் மூலச் சாக்கு அவயம்! பாத்துக்கோங்க!"

"செரிங்கக்கா, செரிங்கக்கா."

தென்மாவட்டங்களில் அடைகாத்தலை 'அவயம்' என்பர். கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்த தரணீதரன் அச்சொல்லைக் கேட்டதே இல்லை. அங்கே பேருந்துகளின் ஒலிப்பான், இங்கே ஓவர்லாக் மெஷின்களின் இரைச்சல். அவர் காதில் விழுந்தது 'அவசரம்' என்பதே.

ராமுத்தாய் திரும்பி வந்தபோது வேஸ்ட் அறை துடைத்துவிட்டாற்போலக் கிடந்தது.

"மூலச் சாக்கு எங்க தம்பி?"

"நீங்கதானுங்கக்கா அவசரம்னீங்க? வாயக் கட்டி, அதையேதான் மொதல்ல ஏத்துனோம்."

"என் கோழில்லா அதுக்குள்ள கெடக்கு!"

தரணீதரன் ஓடிப்போய்ப் பைக்கை எடுத்தார். ராமுத்தாய் பின்னால் ஏறிக்கொண்டார். வேஸ்டைக் கிழித்துப் பஞ்சாக்கும் மில் குன்னத்தூர்ச் சாலையில் இருந்தது. கைப்பேசியில் அழைத்தால் அங்கே எடுப்பார் இல்லை. ராமுத்தாயின் கண்முன் அந்த மில்லின் பல் உருளை சுழன்றது. பாதி வழியில்தான் டிரிம்மர் நினைவுக்கு வந்தது. அந்த இரும்புத் துண்டு உருளையில் உரசினால் பொறி பறக்கும். பஞ்சுத் தூசியில் தீப்பிடிக்க ஒரு பொறி போதும். எந்திரத்தருகே மனிதர்கள் நிற்பார்களே!

"வெரசாப் போங்க தம்பி" என்றார்.

மில்லில் உருளை இரைந்துகொண்டிருந்தது. வடநாட்டுத் தொழிலாளி ஒருவர் சாக்கு ஒன்றைப் பிரித்து எந்திரத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். ராமுத்தாய் ஓடிப்போய், "கோழி! கோழி!" என்று கத்தினார். அவர் சிரித்துவிட்டு அடுத்த பிடியை அள்ளினார். கம்பெனியில் காதில் விழுந்திருந்த இந்திச் சொல் ஒன்று, எங்கிருந்தோ ராமுத்தாயின் வாய்க்கு வந்தது.

"லோஹா! லோஹா!"

இரும்பு என்ற அந்தச் சொல் கேட்டதும் தொழிலாளியின் முகம் வெளுத்தது. பாய்ந்து சென்று பொத்தானை அடித்தார். உருளை முனகிக்கொண்டே நின்றது. மில் முதலாளி ஈஸ்வரமூர்த்தி அலுவலறையிலிருந்து ஓடிவந்தார்.

"இரும்புங்களா? எந்தச் சாக்குலீங்க?"

"கருப்பு வேஸ்டுங்க. மொதல்ல ஏத்துனதுங்க" என்றார் தரணீதரன்.

"மொதல்ல ஏத்துனது அடியிலதானுங்க கெடக்கும்? வண்டியில பாதி இன்னும் எறக்கவே இல்லீங்க."

முதலில் ஏற்றியதால் எந்திரத்துக்குத் தப்பிய சாக்கு, அதனாலேயே அத்தனை சாக்குகளின் கீழும் நசுங்கிக் கிடந்தது. ராமுத்தாய் வண்டியின் பக்கப் பலகையில் காது வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அடைக்கோழி இருட்டில் சத்தம் போடாது என்பது அவருக்குத் தெரியும். செத்த கோழியும் சத்தம் போடாது என்பதும் தெரியும். ஆட்கள் சாக்குகளை இழுக்க இழுக்க, "பைய, பைய" என்று கெஞ்சிக்கொண்டே நின்றார்.

கடைசிச் சாக்கின் கட்டை அவிழ்த்த தரணீதரன் உள்ளே கையை விட்டு, "அம்மா!" என்று அலறிக் கையை வெளியே இழுத்தார். புறங்கையில் இரத்தம் துளிர்த்திருந்தது.

"கொத்திப்போட்டுதுங்கக்கா!"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். ராமுத்தாய் சிரிக்கவில்லை. போர்வைத் துணியை விலக்கினார். கோழி வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு, உடலைப் பரப்பி, அசையாமல் அமர்ந்திருந்தது. அதன் அடியில் கையை நுழைத்து டிரிம்மரை எடுத்து ஈஸ்வரமூர்த்தியிடம் கொடுத்தார். அவர் அதனைப் பார்த்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மீண்டும் கையை நுழைத்தபோது உடைந்த ஓடும் ஈரமும் தட்டுப்பட்டன. மூன்று முட்டைகள் நசுங்கியிருந்தன. மற்றவை சூடாக இருந்தன. ஆனால் அந்தச் சூடு கோழியுடையதா, உள்ளிருக்கும் உயிருடையதா என்பதை எப்படி அறிவது?

"வண்டிய எடுக்கலாங்களாக்கா? பொறுமையாவே போலாங்க" என்றார் தரணீதரன்.

"இனி அசைக்க வேண்டாம் தம்பி."

"அப்பறம் அடுத்த லோடுக்கு வண்டி?"

"இது நின்னா நிக்குதுங்க. வேற வண்டி சொல்லிக்கலாம்" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

ராமுத்தாய் வண்டிக்குள் ஏறிச் சாக்கின் அருகே அமர்ந்து, ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் காதருகே வைத்தார். முதல் முட்டையில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதிலும் கேட்கவில்லை. அடுத்ததன் ஓட்டில் மிளகளவு ஓட்டை விழுந்திருந்தது. அதனுள்ளிருந்து கீச்சொலி ஒன்று, மிக மெலிதாக, வந்து நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. முட்டையை மெல்லக் கோழியின் அடியில் தள்ளிவிட்டு, அடுத்த ஒலிக்காக மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.