நனைந்த மருந்து

திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவில் அவரைப் பார்த்தேன். என் மனைவியைப் பிரசவ ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வெளியே மழை. அவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய நாலு புளியங்கொட்டைகளைக் கையில் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"சும்மா குந்திக்கினு இருந்தா பேஜாருங்க. ஒரு ஆட்டம் ஆடலாமா?"

அவர் கதை சொல்வார். நான் என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். கொட்டையில் வெள்ளை விழுந்தால் பலிக்கும், எல்லாம் கறுப்பானால் பலிக்காது. பெருமுக்கல் மலையில் என்னை நிறுத்தினார். கையில் நாட்டுத் துப்பாக்கி, எதிரே காட்டுப்பன்றி. சுட்டேன். தவறியது.

"திரும்பச் சுடறேன்" என்றேன்.

"எப்பிடிங்க? குழாயில வெடிமருந்து கெட்டிக்கணும், குண்டு போடணும். அதுக்குள்ள பன்னி வந்துடும். மரத்துல ஏறுங்க."

"ஆட்டந்தானேங்க."

"ஆட்டமா இருந்தாலும் துப்பாக்கி துப்பாக்கிதாங்க."

மரமேறி மருந்து கெட்டித்தேன். அங்கேயும் மழை வந்தது, மருந்து நனைந்துவிட்டது என்றார். அப்போது ஒரு நர்ஸ் உள்ளே ஓடினாள். அவளைப் பார்த்துக்கொண்டே கொட்டையைப் போட்டேன். நாலும் கறுப்பு.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வெடிச்சிடுச்சுங்க. பன்னி உழுந்துடுச்சு."

"மருந்து நனைஞ்சிடுச்சுன்னீங்களே?"

"நான் சொல்றேன் இல்ல?"

கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். தாயும் பிள்ளையும் நலம்.

சொல்லலாம் என்று வெளியே வந்தேன். அவர் தனியாகக் கொட்டை போட்டுக்கொண்டிருந்தார். நாலும் கறுப்பாகவே விழுந்தது. அதை அவர் மாற்றிச் சொல்லவில்லை.

உள்ளே அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று அதுவரை நான் கேட்கவே இல்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.