கடைசி வரிசைக்கு முதலில் வந்த வாசம்

வாயு என்ற சொல்லை எங்கள் பள்ளியில் சிரிப்பில்லாமல் சொல்லிக்கொடுக்க முடியாது. திண்மம் என்றால் பிள்ளைகள் கல்லைக் காட்டுவார்கள். நீர்மம் என்றால் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவார்கள். வாயு என்று நான் கரும்பலகையில் எழுதியதும் எவனாவது ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கோணுவான், வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். இந்தப் பக்கத்து வீடுகளில் வாயு என்றால் பூண்டு தின்றால் போவது. அது காற்றில் இருக்கிறது, அதற்கு உருவம் கிடையாது, வைத்த இடத்தில் நிற்காது என்று நான் சொன்னால், "ஆமாங்க டீச்சர், நிக்காதுங்க" என்று மறுபடி சிரிப்பு. எனக்குப் பொறுமை குறைவு. கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரரே சொல்வார்.

திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு வெல்டிங் அடிக்கிற ஒரு பட்டறையைத் தாண்டி உள்ளே நடந்தால் பள்ளி வரும். தலைமை ஆசிரியரும் நானும் மட்டும்தான் ஆசிரியர்கள். அன்றைக்கு அவர் கூட்டம் என்று போய்விட்டதால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் என் தலையில். எல்லோரையும் என் வகுப்பறையிலேயே தரையில் உட்காரவைத்தேன். பெரிய பிள்ளைகள் முன்னால், சின்னதுகள் பின்னால். பின்சுவரில் ஒரு பழைய பலகைக் கதவு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் சத்துணவுச் சமையலறை. கதவைச் சமையலறைப் பக்கத்தில் தாழ் போட்டு, அரிசி மூட்டைகளை அண்டை கொடுத்து அடுக்கியிருப்பார்கள். அது திறந்து நான் பார்த்ததே இல்லை. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போக வேண்டும்.

ஐந்தாம் வகுப்புப் பாடம்தான். ஆனால் சின்னதுகளும் பார்க்கட்டும் என்று ஒரு சோதனை செய்ய நினைத்தேன். வீட்டிலிருந்து ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவந்திருந்தேன். நான் மேஜையில் வைத்து மூடியைத் திறப்பேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், வாசம் வந்ததும் சத்தம் போடாமல் கையைத் தூக்க வேண்டும். முதல் வரிசைக் கைகள் முதலில் எழும், பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று அலை மாதிரி பின்னால் போகும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அறை முழுக்க நடந்துபோவதைப் பிள்ளைகளின் கைகளே காட்டிவிடும். ஆடிக் காற்று வெளியே மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அது உள்ளே வந்தால் வாசத்தைக் கலைத்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன்.

பாட்டிலைத் திறந்தேன். முன்வரிசை மூக்கை உறிஞ்சியது. ஒரு கையும் எழவில்லை. ஆனால் கடைசி வரிசையில், அந்தப் பலகைக் கதவில் முதுகைச் சாய்த்திருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவனும் தூக்கினான். அப்புறம் அந்த வரிசையே தூக்கியது.

எனக்கு வந்ததே கோபம். சின்னதுகளுக்கு விதி புரியவில்லை, ஒருத்தி தூக்கினால் எல்லாம் தூக்குகின்றன என்றுதான் நினைத்தேன். "கையைக் கீழே போடுங்க. வாசம் வந்தாத்தான் தூக்கணும்" என்று அதட்டிவிட்டு, பாட்டிலை மூடி மறுபடி திறந்தேன். மறுபடியும் பின்னாலிருந்தே கைகள். இந்த முறை அதற்கு முந்திய வரிசையும் சேர்ந்துகொண்டது. அலை எதிர்ப்பக்கத்திலிருந்து என்னை நோக்கி வந்தது.

நேராக அந்தச் சிறுமியிடம் போனேன். "என்ன வாசம் வருது உனக்கு? சொல்லு" என்றேன். குரல் நல்ல குரலாக இருந்திருக்காது. அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"எங்க ஊட்டுல சிலிண்டரு தீர்ற அன்னைக்கு இப்படித்தான் நாறுமுங்க, டீச்சர்."

நான் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு என் சென்ட் வாசம்தான் தெரிந்தது. குனிந்தேன். அவள் மூக்கு இருந்த உயரத்துக்கு என் மூக்கு வந்தபோது குப்பென்று அடித்தது.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகத் தண்ணீர் போலப் பரவும், பள்ளத்தில் தேங்கும். இதைக் கல்லூரியில் படித்துப் பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அது கதவிடுக்கில் நுழைந்து, தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் மடிக்கு வந்துவிட்டது. நின்றுகொண்டு பாடம் நடத்துகிற எனக்குத்தான் தெரியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சமையல் அக்கா உள்ளே இருந்தார். வேப்பமரத்தடியில் காய் நறுக்கி முடித்து அப்போதுதான் உள்ளே போயிருக்கிறார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அடுப்பில் பாத்திரம் ஏற்றுவதற்கு முன்னால் மேடையின் ஓரத்தில் ஒரு தட்டை வைத்து, அதில் துளிக் கற்பூரம் கொளுத்திக் கும்பிடுவார். அதற்குப் பிறகுதான் அடுப்பு. காற்றுக்குக் கற்பூரம் அணைந்துவிடும் என்று ஆடி மாதம் முழுக்கச் சமையலறை ஜன்னலையும் சாத்தியே வைத்திருப்பார்.

இவ்வளவு நாற்றத்தில் அவர் எப்படி நிற்கிறார் என்று யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை. நான் சுற்றிக்கொண்டு ஓடினால் அதற்குள் அவர் குச்சியை உரசிவிடக்கூடும். கதவில் கையால் அடித்துக் கத்தினேன்.

"அக்கா! அடுப்பைப் பத்த வைக்காதீங்க! பத்த வைக்காதீங்க!"

பாத்திரச் சத்தம் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"இதா ஆச்சுங்க டீச்சர்! பத்த வெச்சர்றனுங்க!"

அந்த வாரம் முழுக்கச் சோறு தாமதம், பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள் என்று அவரைப் பிடுங்கிக்கொண்டே இருந்தவள் நான்தான். அவரோ எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனுஷி. போதாக்குறைக்கு நம் தமிழ். வேண்டாம், கூடாது எல்லாவற்றையும் வாக்கியத்தின் வாலில்தான் வைத்திருக்கிறது. பலகையையும் அரிசி மூட்டையையும் தாண்டிப் போனது "பத்த வை" மட்டும்தான். வால் இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

இன்னொரு முறை கத்தினால் இன்னும் அவசரப்படுவார். "கேஸ்" என்று கத்தினால் கேஸைத் திற என்கிறேன் என்று நினைப்பார். "நிறுத்துங்க" என்றால் எதை என்று கேட்பார், கையில் குச்சியோடு. தட்டை மேடையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஒரே சொல் வேண்டும். பாதி கேட்டாலும் ஆளை வெளியே துரத்துகிற சொல்.

"பாம்பு!" என்று அலறினேன். "பாம்பு! அக்கா, பாம்பு!"

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்களே, அன்றைக்கு இரண்டு அறைகள் நடுங்கின. அந்தப் பக்கம் தட்டு விழுந்தது, ஒரு கூச்சல், பிறகு வெறுங்கால்கள் ஓடும் சத்தம். இந்தப் பக்கம் என் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வாசலுக்குப் பாய்ந்தார்கள். பெரியதுகள் சின்னதுகளைத் தள்ளிவிடாமல் இருக்க வேண்டுமே என்று வாசலில் நின்று, அகப்பட்ட கையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டேன். "வேப்பமரத்துக்கு அந்தாண்டை! யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது!" என்று கத்தியபடியே பின்பக்கம் ஓடினேன்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தேன். அடுப்பின் ஒரு திருகு பாதி திரும்பியிருந்தது. காலையில் பெரிய அண்டாவை இழுக்கும்போது அது இடித்திருக்க வேண்டும். திருகை மூடி, சிலிண்டரையும் மூடி, ஜன்னல்களைத் தள்ளித் திறந்தேன். சுவிட்சின் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. தரையில் கற்பூரம் கிடந்தது. பக்கத்தில் தீப்பெட்டி பாதி திறந்து கிடந்தது.

வெளியே வந்தபோது சமையல் அக்கா கையில் ஒரு தடியோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரோரப் புதரைக் குத்திக்கொண்டிருந்தார்.

"எங்கீங்க டீச்சர் பாம்பு? எந்தப் பக்கம் போச்சுங்க?"

"பாம்பு இல்லைங்க அக்கா" என்றேன். அதற்குள் என் பயம் கோபமாகிவிட்டது. "கேஸ் திறந்து கிடக்குது. ரூம் பூரா கேஸ். குச்சியைக் கிழிச்சிருந்தா நீங்களும் இல்லை, இத்தனை பிள்ளைகளும் இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியற நாத்தம் உங்களுக்குத் தெரியலையா? மூக்கை எங்கே வெச்சிருக்கீங்க?"

அவர் தடியைக் கீழே போட்டார். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"எனக்கு வாசமே தெரியறதில்லீங்க, டீச்சர்."

கொரோனாக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து அப்படித்தானாம். முதலில் எல்லோருக்கும் போல வந்துவிடும் என்றிருந்தாராம். வரவில்லை. உப்பும் காரமும் நாக்குக்குத் தெரிகிறது, அதனால் சமையலில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பருப்பு அடிப்பிடிப்பதைச் சத்தத்தில் தெரிந்துகொள்வாராம். எண்ணெய் காய்ந்ததைப் புகையில் பார்ப்பாராம்.

"ஏன் சொல்லலை?"

"மூக்குச் செத்தவளுக்குச் சமையல் வேலை ஆருங்க குடுப்பாங்க? இந்தச் சம்பளத்துலதானுங்க ஊடு ஓடுது. சொல்லிப்போடாதீங்க டீச்சர்."

கோபம் போன இடம் தெரியவில்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இவர் என் டிபன் பாக்ஸில் என்னைக் கேட்காமலே ரசம் ஊற்றிவிட்டுப் போகிறவர். எனக்கு வருத்தமாக இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சரிங்க அக்கா. இனி தினமும் நான் வந்து, குனிஞ்சு முகர்ந்து பார்த்துச் சரின்னு சொன்னதுக்கப்புறம் நீங்க பத்த வைங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவர் கேட்டார்:

"நீங்க லீவு போட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போனைப் போட்டுக் குடுங்க டீச்சர். சார்கிட்ட நானே சொல்லிப்போடறேன்" என்றார்.

தலைமை ஆசிரியருக்கு அழைத்து, நடந்ததை இரண்டு வரியில் சொல்லி, போனை அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொள்ளாமல் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "சார், எனக்கு மூக்கு வேலை செய்யறதில்லீங்க, ரொம்ப நாளா" என்றார். பிறகு சார் என்னிடம் பேசினார். மெக்கானிக் வந்து பார்க்கும்வரை அந்த அடுப்பை யாரும் தொடக் கூடாது. மேலதிகாரிகளுக்கு எழுதுவதா, உதவிக்கு ஒருவரை அடுப்புக்குப் போட்டு இவரை இப்படியே வைத்துக்கொள்ள முடியுமா என்று நேரில் வந்துதான் சொல்ல முடியும். ஒன்றும் இப்போது உறுதி சொல்வதற்கில்லை. அவர் சொன்னதை நான் அப்படியே அக்காவிடம் சொன்னேன். "செரிங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் பிள்ளைகளுக்குப் பசி. அதற்கு எந்த உத்தரவும் காத்திருக்காது. அக்கா கட்டடத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, வேலியோரத்தில், காற்று மறைவாக மூன்று கற்களைக் கூட்டினார். நான் அரிசியும் பருப்பும் எடுத்துவந்து கொடுத்தேன். பெரிய பிள்ளைகள் தென்னை மட்டையும் சுள்ளியும் பொறுக்கிவந்து போட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றார்கள். பாம்பு இல்லை என்று தெரிந்த பிறகும் அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் குத்தவைத்து உட்கார்ந்து தீப்பெட்டியைத் திறந்தார். ஒரு குச்சியை எடுத்தார். உரசவில்லை. நாலு பக்கமும் வெட்டவெளி. ஆடிக் காற்று சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே எந்த வாயு வந்து தேங்கப்போகிறது? அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தலையைத் தூக்கி, எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி என்னைக் கேட்டார்.

"டீச்சர், இங்க வாசம் ஏதாச்சும் வருதுங்களா?"

நான் மண்டி போட்டேன். அந்த மூன்று கற்களுக்கு நடுவில், மண்ணுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், மூச்சை நன்றாக இழுத்து முகர்ந்தேன். மண் வாசமும் காய்ந்த மட்டை வாசமும்தான் இருந்தன.

"இல்லைங்க அக்கா" என்றேன். "பத்த வைங்க."

அதற்குப் பிறகுதான் அவர் குச்சியை உரசினார்.